தொழிற்பயிற்சிக்கு ஆள் சேர்ப்பது எப்படி? பெங்களூருத் தமிழ் ஏரியாக்களில் மக்கள் தொடர்பு வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

தொழிற்பயிற்சி மையம் ஒன்றில் உங்களுக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஐடி கார்டில் 'மொபிலைசர்' (ஆள் திரட்டுபவர்) என்றோ 'பிஆர்ஓ' (மக்கள் தொடர்பு அலுவலர்) என்றோ போட்டிருக்கும். முதல் நாளே ஐந்நூறு நோட்டீஸைக் கையில் கொடுத்து, "அடுத்த பேட்சுக்கு முப்பது பேர் வேணும்" என்று சொல்லியிருப்பார்கள். அந்தக் கட்டை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டுங்கள். ஒரு வாரத்துக்கு அது வேண்டாம்.

நான் வந்த புதிதில் ஐந்நூறையும் ஒரே நாளில் ஸ்ரீராமபுரத்தில் கொடுத்து முடித்துவிட்டுப் பெருமையாகத் திரும்பினேன். போன் செய்தவர்கள் மூன்று பேர், சேர்ந்தவர் ஒருவரும் இல்லை. நோட்டீஸின் பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் டீக்கடை அண்ணன் ஒரு கட்டு எடுத்து வைத்து அதில் ஒரு மாதம் கணக்கெழுதினார். அந்த அச்சுக் கூலியால் பயனடைந்தவர் அவர் ஒருவர்தான்.

பிறகுதான் புரிந்தது. பையனோ பெண்ணோ பயிற்சியில் சேர்வதா வேண்டாமா என்ற முடிவு உங்கள் மேஜைக்கு முன்னால் எடுக்கப்படுவதில்லை. ராத்திரி சாப்பாடு முடிந்து, அம்மா பாத்திரம் கழுவும்போது, பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்றபடி ஒரு வார்த்தை சொல்லும்போது எடுக்கப்படுகிறது. அங்கே நீங்கள் இருக்க மாட்டீர்கள். உங்களுக்குப் பதிலாக அந்த வாசலில் பேசப் போவது யார், அவர் வாயில் வரப்போகும் சொல் என்ன? இந்த இரண்டையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்வதுதான் நம் வேலை.

முதல் வாரம்: மையத்துக்குள்ளேயே இருங்கள்

இப்போது படித்துக்கொண்டிருப்பவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த இடத்தைப் பற்றி யார் சொன்னது? வீட்டில் யார் வேண்டாம் என்றது? அவருக்கு நீ என்ன பதில் சொன்னாய்?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்களை அவர்கள் சொன்ன சொற்களிலேயே நோட்டில் எழுதுங்கள். "வெல்டிங் வேலைக்குப் போனா கண்ணு போயிடும்னு பாட்டி அழுதாங்க. அந்தக் கறுப்புக் கண்ணாடி மாஸ்க்கை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் அவங்க முகத்துலயே போட்டுக் காட்டினேன்" என்று ஒரு பையன் சொன்னான். எந்த விளம்பரக் கம்பெனியும் இதைவிட நல்ல யோசனை தராது. அதன் பிறகு நான் வீடுகளுக்குப் போகும்போது பையில் ஒரு வெல்டிங் மாஸ்க் இருக்கும்.

அடுத்தது, உங்கள் மையம் உண்மையில் என்ன தருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வாசலில் முதலில் கேட்கப்படும் கேள்வி, "இது ஐடிஐயா?" என்பதுதான். ஐடிஐ எனப்படும் தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் இரண்டும் இரண்டு வருடப் படிப்பு, பத்தாவது தேறியிருக்க வேண்டும். வெல்டர் ஒரு வருடம், எட்டாவது போதும். இவற்றுக்குத் தேசியத் தொழிற்சான்றிதழ் உண்டு. 2015-இல் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டம் போன்றவற்றில் நடக்கும் குறுகிய காலப் பயிற்சிகள் வேறு, அவற்றின் சான்றிதழும் வேறு. உங்களுடையது குறுகிய காலப் பயிற்சியா? "இது ஐடிஐ இல்லம்மா" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். "அதே மாதிரிதான்" என்று மழுப்பினால், அந்தத் தெருவில் யாராவது ஐடிஐ முடித்த மாமா ஒருவர் இருப்பார், அன்றைக்கு ராத்திரியே உங்கள் கதை முடிந்துவிடும்.

பிறகு ஒரே பக்கத்தில் ஒரு தாள் தயார் செய்யுங்கள். நாங்கள் அதை 'உண்மைத் தாள்' என்போம். எத்தனை மாதம், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, கட்டணம் எவ்வளவு, சான்றிதழில் யார் கையெழுத்து, போன பேட்சில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், முதல் மாதம் கைக்கு வந்த சம்பளம் எவ்வளவு. பிடித்தம் போக வந்த தொகையை எழுதுங்கள். நிர்வாகம் இந்தத் தாளைப் பார்த்து முகம் சுளிக்கும். பிடிவாதமாக நில்லுங்கள்.

வீட்டுக் கணக்குக்கு விடை

நமக்குப் போட்டி பக்கத்துத் தெருவில் இருக்கும் இன்னொரு மையம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான போட்டி டெலிவரி ஆப். பதினெட்டு வயதுப் பையன் வண்டி ஓட்டினால் வாராவாரம் பணம் வருகிறது, அதில் வண்டியின் இஎம்ஐ போகிறது, மிச்சத்தில் வீட்டு வாடகைக்கு ஒரு பங்கு. அவனிடம் போய் "எதிர்காலம்" என்று பேசினால், "அண்ணா, இந்த மாச டியூவ நீங்க கட்டுவீங்களா?" என்று கேட்பான். கேட்க அவனுக்கு உரிமை உண்டு.

ஆகவே பேச்சைக் கணக்கிலிருந்தே தொடங்குங்கள். நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் பயிற்சி நடக்கும் மாதங்களில் வீட்டுக்கு வராமல் போகும் பணம், பஸ் செலவு, மதியச் சாப்பாடு. அந்தப் பக்கம் முடித்த பிறகு வரும் சம்பளம். அவர்கள் கண்முன்னால் அவர்கள் சொல்லும் எண்ணையே எழுதுங்கள். இழப்பு எத்தனை மாதத்தில் ஈடாகும் என்று அந்த அம்மாவே கூட்டிச் சொல்லட்டும். ஈடாகாது என்று வந்தால் அதையும் ஒப்புக்கொள்ளுங்கள். ஒருமுறை அப்படி ஒப்புக்கொண்ட வீட்டிலிருந்து அந்தப் பையன் வரவில்லை, அவனுடைய தங்கை வந்தாள்.

இந்தக் கணக்கில் பலரும் மறந்துவிடும் ஒரு வரி இருக்கிறது. கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 முதல் சக்தி திட்டத்தில் மாநிலத்தில் வசிக்கும் பெண்களுக்கு அரசின் சாதாரண பஸ்களில் கட்டணம் இல்லை. அப்படியென்றால் பெண்களுக்கான பயிற்சியில் பஸ் செலவு பூஜ்யம். ஆனால் முகவரிச் சான்று கர்நாடகத்தில் இருக்க வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கமிருந்து வந்து, ஆதார் இன்னும் ஊர் முகவரியிலேயே இருக்கும் குடும்பங்கள் ஏராளம். ஆதார் முகவரியை மாற்றிக்கொள்ள நீங்கள் கூடப் போய் உதவினால், பயிற்சியில் சேராவிட்டாலும் அந்த வீடு உங்களை மறக்காது.

நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய ஒன்று, மாலை பேட்ச். டெலிவரி ஓட்டுபவர்களுக்கும் கார்மென்ட்ஸில் வேலை செய்பவர்களுக்கும் வகுப்பு நேரமே ஆகாது என்றால், நீங்கள் எவ்வளவு அழகாகப் பேசினாலும் பிரயோஜனம் இல்லை.

பேசுவது தமிழ், படிப்பது?

இதில்தான் சென்னையிலிருந்து வருபவர்கள் சறுக்குகிறார்கள். தமிழ் ஏரியாதானே என்று அழகான தமிழில் நோட்டீஸ் அடித்துவிடுவார்கள். ஓகலிபுரத்திலோ ஆஸ்டின் டவுனிலோ வளர்ந்த பதினெட்டு வயதுப் பிள்ளை வீட்டில் தமிழ் பேசும், தமிழ்ப் படம் பார்க்கும். ஆனால் பள்ளியில் படித்தது கன்னடமும் ஆங்கிலமும். பலருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும், சிலருக்கு வரவே வராது. நோட்டீஸைத் தமிழில் படிக்கக்கூடியவர் அந்த வீட்டில் தாத்தா மட்டுமே.

நான் பின்பற்றுவது இது. அச்சில் முன்பக்கம் கன்னடம், பின்பக்கம் தமிழ். டீக்கடை அண்ணனுக்கு இனி வெள்ளைப் பக்கம் கிடைக்காது. வாட்ஸாப்பில் தமிழ் மட்டும், அதுவும் எழுத்து வேண்டாம், குரல் பதிவு. ஒரு நிமிடத்துக்குள், பழைய மாணவி ஒருத்தி தன் பேச்சுத் தமிழில், ஏரியா பெயரோடு பேசிய பதிவு. "நான் எட்டாவது கிராஸ்ல இருக்கேன், போன வருஷம் ஏசி மெக்கானிக் முடிச்சேன்" என்று ஆரம்பித்தால் போதும், மகளிர் சங்கக் குழுக்களில் தானாகப் போய்ச் சேரும்.

கன்னடத்தை மேலே வைப்பதில் இன்னொரு காரணமும் உண்டு. கடைப் பலகைகளில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று 2024-இல் சட்டத்திருத்தமே வந்துவிட்டது. அதற்காக மட்டும் இல்லை. இதே தெருக்களில் கன்னடம், தெலுங்கு, உருது பேசும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 'தமிழர்களுக்கான பயிற்சி' என்று பெயர் வாங்கிவிட்டால் அவர்களை இழப்பீர்கள். காவிரி சூடாகும் வருடங்களில் அந்தப் பெயரே உங்களுக்குத் தலைவலியாகும்.

யாரைப் பார்ப்பது

நகரம் முழுக்க ஓடாதீர்கள். மையத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வரக்கூடிய மூன்று நான்கு ஏரியாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் பேச்சு எங்கே கூடுகிறது என்று பாருங்கள். ஸ்த்ரீ சக்தி என்ற மகளிர் சுய உதவிச் சங்கத்தின் தலைவி, சீட்டு நடத்தும் அக்கா, அங்கன்வாடி டீச்சர், தையல் கடைக்காரர், கோயில் கமிட்டி, சர்ச்சில் தமிழ்ப் பூசைக்குப் பிறகு வாசலில் நின்று பேசும் இளைஞர் குழு, ரசிகர் மன்றம். சீட்டு நடத்துபவரை நான் முதலிடத்தில் வைப்பேன். எந்த வீட்டில் பணம் இருக்கிறது, எந்த வீட்டில் பிள்ளை சும்மா இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதைவிட முக்கியம், அவர் சொன்னால் ஜனங்கள் நம்பிப் பணமே கொடுக்கிறார்கள்.

கட்சிக்காரர்களைப் பகைக்கவும் வேண்டாம், மேடையில் ஏற்றவும் வேண்டாம். மரியாதைக்கு ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

அல்சூரில் வேலை என்றால் 1950-இல் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தையும் பார்க்கலாம். ஆனால் சங்கத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள், வசதியாக வாழ்பவர்கள். அங்கிருந்து மாணவர்கள் கிடைப்பது அரிது, வேலை கொடுக்கக்கூடிய சிறு தொழிலதிபர்கள் கிடைப்பார்கள். அதற்காகப் போங்கள்.

பலரும் கவனிக்காத இன்னொரு இடம் ரயில். கோலார் தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. அன்றிலிருந்து அந்த ஊர்த் தமிழ்க் குடும்பங்கள் விடியற்காலையில் ரயிலேறி, பங்காருபேட்டை வழியாகப் பெங்களூருக்கு வேலைக்கு வந்து ராத்திரி திரும்புகின்றன. ஒரே பெட்டி, ஒரே சீட், வருடக்கணக்காக அதே முகங்கள். அந்தப் பெட்டி ஒரு தெருவைப் போன்றது. நோட்டீஸ் கொடுக்காதீர்கள். ஒரு வாரம் கூடப் பயணம் செய்யுங்கள், காலையில் தூங்குவார்கள், மாலையில் பேசுவார்கள். தன் பிள்ளையும் இதே ரயிலில் செக்யூரிட்டி வேலைக்கு வரக் கூடாது என்று நினைக்கும் அப்பாக்கள் அங்கே நிறைய. கன்டோன்மென்ட் ஸ்டேஷனிலிருந்து உங்கள் மையத்துக்கு எந்த பஸ், ரயில் தாமதமானால் வகுப்பில் என்ன சலுகை என்ற இரண்டு கேள்விக்கும் பதில் வைத்திருங்கள்.

மிக்ஸி முகாம்

எனக்கு ஒரே ஒரு நிகழ்ச்சி நடத்த அனுமதி உண்டு என்றால் இதைத்தான் நடத்துவேன். ஞாயிற்றுக்கிழமை, ஏரியாவின் நடுவில் ஒரு சின்ன ஹால் அல்லது கோயில் மண்டபம். எலக்ட்ரிகல் பேட்ச் மாணவர்கள் பத்துப் பேர், யூனிஃபார்மில். பழுதான மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, டேபிள் ஃபேன் எடுத்து வாருங்கள், கூலி கிடையாது, மாற்ற வேண்டிய பாகத்துக்கு மட்டும் காசு.

மிக்ஸியில் வரும் கோளாறில் பெரும்பகுதி கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், கப்ளர் உடைந்திருக்கும், ஜார் புஷ் போயிருக்கும், அல்லது அடியில் இருக்கும் சிவப்பு ஓவர்லோடு பட்டன் வெளியே வந்திருக்கும். கடைசிக் கோளாறுக்கு அதை அமுக்கினாலே போதும், அந்த அம்மா வாய்விட்டுச் சிரிப்பார். தன் வீட்டு மிக்ஸியை எதிர்வீட்டுப் பையன் கழற்றி மாட்டி ஓட்டிக் காட்டுவதை ஒரு தாய் நேரில் பார்த்துவிட்டால், அன்று ராத்திரி வாசலில் என்ன பேச்சு ஓடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை சில. இன்ஸ்ட்ரக்டர் கட்டாயம் கூடவே இருக்க வேண்டும். பெயர், போன் நம்பர், பொருள், கோளாறு என்று ஒவ்வொன்றுக்கும் சீட்டு கிழித்துக் கொடுங்கள். பாகத்தின் விலையை முன்பே பலகையில் எழுதி வையுங்கள். சரிசெய்ய முடியாததை முடியாது என்று சொல்லித் திருப்பிக் கொடுங்கள். அட்மிஷன் மேஜையை ஹாலின் மூலையில் போடுங்கள், வாசலில் வேண்டாம். அந்தச் சீட்டில் வந்த நம்பருக்கெல்லாம் மறுநாள் அட்மிஷன் மெசேஜ் அனுப்பாதீர்கள். மிக்ஸிக்காகக் கொடுத்த நம்பர் அது. விருப்பமுள்ளவர்களிடம் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பத்திரிகைக்கு எழுதுவது

'அட்மிஷன் நடைபெறுகிறது' என்பது செய்தி இல்லை, விளம்பரம். அதை அனுப்பினால் விளம்பரப் பிரிவுக்குத் தள்ளுவார்கள். மிக்ஸி முகாம் செய்தி. தினத்தந்தி, தினமணி இரண்டுக்கும் பெங்களூருப் பதிப்பு உண்டு, பெங்களூரிலேயே பிறந்த தினச்சுடர் உண்டு. கன்னடத்தில் பிரஜாவாணி போன்றவற்றுக்கும் அனுப்புங்கள். பிள்ளைகள் பத்திரிகை படிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அப்பா படிக்கிறார், சலூனில் படிக்கிறார்கள், வெட்டிய செய்தித் துண்டைப் படம் எடுத்தால் வாட்ஸாப்பில் போகும்.

செய்திக்குறிப்பு இப்படி இருக்கலாம்:

"ஸ்ரீராமபுரத்தில் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை, பழுதான வீட்டு மின்சாதனங்களைத் தொழிற்பயிற்சி மாணவர்கள் கூலியின்றிச் சரிசெய்து தருகிறார்கள். மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, மின்விசிறி ஆகியவற்றைக் கொண்டுவரலாம். மாற்ற வேண்டிய உதிரிபாகங்களுக்கு மட்டும் விலை உண்டு. பயிற்றுநர்களின் மேற்பார்வையில் முகாம் நடைபெறும்."

அதற்குக் கீழே இடம், தொடர்பு எண். அவ்வளவுதான். மையத்தின் நிறுவனர் பெயரையும் அவருடைய தொலைநோக்கையும் முதல் பத்தியில் நுழைக்கச் சொல்வார்கள். கடைசிப் பத்தியில் வையுங்கள், இடம் போதாவிட்டால் ஆசிரியர் வெட்டுவது கடைசிப் பத்தியைத்தான். முகாமுக்கு மூன்று நாள் முன்பு அனுப்புங்கள். முடிந்த அன்று மாலைக்குள் ஒரு படமும், படத்தில் இருப்பவர்களின் பெயர்களும் போக வேண்டும். படத்தில் ரிப்பன் வெட்டும் கை வேண்டாம், ஸ்குரூடிரைவர் பிடித்த கை வேண்டும்.

குரலுக்கு ஜெயின் பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி ரேடியோ ஆக்டிவ் 90.4 இருக்கிறது. பழைய மாணவரை அழைத்துப் போய்ப் பேசவைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

எந்த மாதத்தில் எதை

கர்நாடகப் பத்தாவது தேர்வான எஸ்எஸ்எல்சியின் முடிவு 2023, 2024, 2025 மூன்று வருடமும் மே மாதத்தின் முதல் பத்து நாட்களுக்குள் வந்தது. முடிவு வந்த அன்றைக்கே தவறிய பிள்ளையின் வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள். அது அசிங்கம். ஒரு வாரம் கழித்துப் போங்கள். மறுபடி தேர்வு எழுத வாய்ப்பு இருக்கிறது, முதலில் அதை எழுது என்று சொல்லுங்கள். எட்டாவது தகுதியில் சேரக்கூடிய பயிற்சிகளைப் பற்றி அதன் பிறகு பேசலாம். ஜூலை 15 உலக இளைஞர் திறன் தினம், பத்திரிகைக்காரர்கள் செய்தி தேடும் நாள், முகாமை அதையொட்டி வைத்தால் இடம் கிடைக்கும். ஆயுத பூஜை அன்று பட்டறையைக் கழுவி, மெஷின்களுக்குப் பொட்டு வைத்து, பெற்றோரைக் கூப்பிட்டுப் பொரி கடலை கொடுங்கள். பேச்சே தேவையில்லை.

சுவரில் ஒட்டாதவை, வாயில் வராதவை

பிளெக்ஸ் வேண்டாம். உயர் நீதிமன்றம் கண்டித்த பிறகு 2018-இலேயே மாநகராட்சி தடை செய்துவிட்டது. கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டுவதற்கு எதிராக 1981-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. ஊரெல்லாம் ஒட்டியிருக்கிறதே என்பார்கள். அபராதச் சீட்டில் உங்கள் போன் நம்பர்தான் இருக்கும், ஏனென்றால் போஸ்டரில் இருப்பது அதுதான்.

'100% வேலை உறுதி' என்று எங்கேயும் எழுதாதீர்கள். 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கோச்சிங் மையங்களின் விளம்பரங்களுக்கு வெளியிட்ட நெறிமுறை, இப்படிப்பட்ட பொய் உறுதிகளைத் தடுக்கிறது. மாணவர் படத்தைப் போடுவதற்கும் எழுத்தில் சம்மதம் கேட்கிறது. நாங்கள் கோச்சிங் மையம் இல்லையே என்று நிர்வாகம் சொல்லலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரம் யார் செய்தாலும் தவறுதான்.

எனக்கு இது பட்ட புண். ஒரு தொழிற்சாலை சொன்ன சம்பளத்தை அப்படியே நம்பி நான் தெருவெல்லாம் சொன்னேன். ஆறு பேர் போனார்கள். முதல் மாதம் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் பிடித்துக்கொண்டு மிச்சம் கொடுத்தார்கள். நான்கு பேர் திரும்பி வந்துவிட்டார்கள். அந்த ஏரியாப் பக்கம் போகாமல் தப்பிக்கத்தான் முதலில் தோன்றியது. மூன்றாம் நாள் போனேன். நான்கு வீட்டிலும் உட்கார்ந்து, "நான் விசாரிக்காம சொன்னேன், என் தப்புதான்" என்றேன். ஒரு அம்மா தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. இரண்டு பேருக்கு வேறு இடம் பார்த்துக் கொடுத்தேன், மற்ற இருவர் வேண்டாம் என்றார்கள். சம்பளத்தைப் பிடித்தம் போக எழுத வேண்டும் என்று மேலே சொன்னது அங்கே படித்த பாடம்.

போனை எடுங்கள்

இத்தனையும் செய்து, மையத்தின் போன் அடித்துக்கொண்டே இருந்தால் என்ன பயன்? விசாரிக்க வருபவர்களில் பலர் மிஸ்டு கால் கொடுப்பார்கள். அன்றைக்கே திருப்பிக் கூப்பிடுங்கள். பெயர், ஏரியா, யார் சொன்னது, என்ன கேட்டார், வீட்டில் முடிவு யார் கையில் என்ற ஐந்தும் ஒரு நோட்டில் ஏற வேண்டும். யார் சொன்னது என்ற பத்தியை மாதக் கடைசியில் கூட்டுங்கள். மிக்ஸி முகாமா, சீட்டு அக்காவா, பத்திரிகையா என்று அது காட்டும். அடுத்த மாதம் செலவை அங்கே வையுங்கள்.

பெயர் கொடுப்பதற்கும் வகுப்பில் உட்காருவதற்கும் நடுவில்தான் ஆட்கள் காணாமல் போகிறார்கள். தொடங்கும் நாளுக்கு முந்தின சாயந்திரம் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும் என்று சொல்லுங்கள். முடிந்தால் அதே ஏரியாவிலிருந்து வரும் பழைய மாணவனோடு சேர்த்து அனுப்புங்கள். முதல் நாள் காலையில் கேட்டில் நீங்களே நில்லுங்கள், வெளியே பேசிய முகம் உள்ளேயும் தெரிய வேண்டும்.

மூன்றாம் நாள் அட்டெண்டன்ஸைப் பாருங்கள். வராதவன் வீட்டுக்கு அன்று சாயந்திரமே போங்கள். பெரும்பாலும் காரணம் சின்னதாக இருக்கும்: ஷூ இல்லை, இன்ஸ்ட்ரக்டர் கன்னடத்தில் வேகமாகப் பேசுகிறார், பக்கத்தில் உட்கார்ந்தவன் கிண்டல் செய்தான். அங்கேயே தீர்க்கக்கூடியவை. போகும்போது வெல்டிங் மாஸ்க்கை மறக்க வேண்டாம், பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் தேவைப்படலாம்.